வீட்டு உணவை விற்கப் போகிறவர்களுக்கு: பதிவிலிருந்து லேபிள் வரை

வீட்டு அடுப்பில் செய்த ஊறுகாயோ பொடியோ மதியச் சாப்பாடோ காசுக்குக் கைமாறிவிட்டால், சட்டப்படி அது உணவு வணிகம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் கடை இருக்கிறதா, பலகை தொங்குகிறதா, லாபம் வருகிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை கேக் விற்பவரும், தீபாவளிக்கு மட்டும் ஆர்டர் எடுத்து அதிரசம் சுடுபவரும், மாதக் கணக்குக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவரும் அதற்குள் வருவார்கள்.

இதைக் கேட்டுப் பலர் மலைத்துவிடுகிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயிடம் செய்யும் பதிவு எளிது, செலவும் குறைவு. வீட்டிலிருந்து விற்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பதிவில் அல்ல, பாக்கெட்டின் மேல் ஒட்டும் அந்தச் சின்னத் தாளில்தான். அதனால் இங்கே லேபிளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சமைத்த உணவா, பாக்கெட் பொருளா?

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

இட்லி, பிரியாணி, மதியச் சாப்பாடு போல ஆர்டருக்கு ஏற்பச் சமைத்து அன்றே கொடுப்பது உணவுச் சேவை. இதற்குப் பதிவும் சுத்தமும் முக்கியம்; முழு லேபிள் தேவைப்படாது. ஊறுகாய், பொடி, முறுக்கு, சத்துமாவு போல முன்கூட்டியே செய்து, எடைபோட்டு, சீல் வைத்து அடுக்கி விற்பது உற்பத்தி. இதற்கு முழு லேபிளோடு எடையளவுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் செய்கிறவர் விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் பதிவு வாங்கிவிட்டு அதே எண்ணை ஊறுகாய் பாட்டிலில் அச்சிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எண்ணைத் தட்டிப் பார்த்தால் எந்தெந்தப் பொருளுக்குப் பதிவு என்பது அவர் கைபேசியிலேயே தெரிந்துவிடும்.

பதிவா, உரிமமா?

எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2011 விதிமுறைகள் முதலில் வகுத்த கணக்கின்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர் சிறு உணவு வணிகர். அவருக்குப் பதிவு போதும். உற்பத்தி செய்பவராக இருந்தால் நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர் என்ற வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் மாநில உரிமம். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றே நெடுங்காலமாக இருந்துவருகிறது. வரம்பும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் காட்டும் வரம்பையும் தொகையையுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரம்புக்குக் கணக்கு லாபம் அல்ல, மொத்த விற்பனை. மாதம் 1 லட்சத்துக்கு விற்று 20,000 ரூபாய் மிஞ்சுகிறது என்றாலும் 12 லட்ச வரம்பில் நீங்கள் விளிம்பில்தான் நிற்கிறீர்கள்.

ஆன்லைனில் விற்பதால் மத்திய உரிமம் வேண்டும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். மத்திய உரிமம் அந்த விற்பனைத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு. அதில் பொருள் வைக்கும் சிறு வணிகருக்கு அவரவர் அளவுக்கு உரிய பதிவு அல்லது உரிமம் இருந்தால் போதும். ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவை வேறு கதை. அவற்றுக்கு மத்திய உரிமம் கட்டாயம்.

போஸ்கோஸ் தளத்தில் விண்ணப்பிப்பது

விண்ணப்பம் முழுவதும் எஃப்எஸ்எஸ்ஏஐயின் போஸ்கோஸ் தளத்தில்தான். தேடலில் முதலில் வருவது பல நேரம் அரசு முத்திரை போலவே படம் போட்ட தனியார் தளமாக இருக்கும். முகவரி ஜி-ஓ-வி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே விவரங்களைக் கொடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புகைப்படம், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, சமைக்கும் இடத்தின் முகவரிக்கு ஆதாரம். அடையாள அட்டையில் ஒரு முகவரியும் சமைக்கும் வீடு வேறு முகவரியும் என்றால் மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம் தேவைப்படும். வாடகை வீட்டுக்காரர்கள் உரிமையாளரிடம் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் கேட்காவிட்டாலும், பின்னால் அண்டை வீட்டார் புகார் கொடுத்தால் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

கணக்குத் தொடங்கி, மாநிலத்தையும் சமைக்கும் இடத்தின் முகவரியையும் கொடுத்து, வணிக வகையையும் உணவு வகைகளையும் தேர்ந்தெடுங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். வாங்கி விற்பவருக்கான சில்லறை வகையைச் சொந்தமாகச் செய்பவர் தேர்ந்தெடுத்துவிட்டால், விண்ணப்பம் திரும்பி வரும். அல்லது சான்றிதழ் கிடைத்தும் பயன்படாது. ஆறு மாதத்தில் செய்ய நினைக்கும் பொருள்களையும் இப்போதே சேர்த்துவிடலாம். கட்டணம் செலுத்தியதும் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

விண்ணப்பம் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் போகும். அவர் 7 நாட்களுக்குள் பதிவு தரலாம், காரணம் சொல்லி மறுக்கலாம், அல்லது நேரில் பார்க்க வருவதாகத் தெரிவிக்கலாம். நேரில் பார்ப்பதென்றால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுவுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் தொழிலைத் தொடங்க 2011 விதிமுறைகளே அனுமதிக்கின்றன. பின்னால் அவர் சொல்லும் திருத்தங்களை மட்டும் செய்தாக வேண்டும். இடையில் அவர் ஏதாவது விளக்கம் கேட்டிருந்தால் அது தளத்தில்தான் கிடக்கும். குறுஞ்செய்தி வரும் என்று நம்பியிருக்காமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

கிடைக்கும் எண் 14 இலக்கம் கொண்டது. பதிவு எண் 2இல் தொடங்கும், உரிம எண் 1இல் தொடங்கும். சான்றிதழைச் சமைக்கும் இடத்தில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும். கையால் எழுதும் பில் புத்தகம் என்றால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் வேலை முடிந்தது.

அலுவலர் அடுக்களையில் பார்ப்பது

விதிமுறைகளின் 4ஆம் அட்டவணையின் முதல் பகுதி பதிவு பெறும் சிறு வணிகருக்கானது. தனிச் சமையற்கூடம் கட்டச் சொல்லவில்லை. வீட்டு அடுக்களையே போதும். ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சுவரில் சுண்ணாம்பு உதிரக் கூடாது, தரை கழுவ ஏற்றதாக இருக்க வேண்டும், ஜன்னலுக்கு வலை வேண்டும். தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று காட்ட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சமைப்பவர்கள் ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து அறிக்கையைக் கோப்பில் வைப்பது பாதுகாப்பு. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பினாயிலும் எறும்பு மருந்தும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்வார்கள். சமைப்பவருக்குத் தொற்று நோய் இருக்கக் கூடாது; கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடியிருக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்திருந்தால் அவருக்கும் சேர்த்து மருத்துவத் தகுதிச் சான்று வாங்கிவிடுங்கள்.

சூடாகக் கொடுக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ச்சியாக வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலை 9 மணிக்கு வடித்த சாதத்தை மூடிவைத்து 1 மணிக்குப் பொட்டலம் கட்டுகிற பழக்கம்தான் சாப்பாடு விற்பவர்களின் பெரிய ஆபத்து. வெப்பமானி ஒன்று வாங்கி, கட்டும்போது சாதத்தின் நடுவில் குத்திப் பாருங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கும் அளவு உண்டு: 2018 ஜூலை 1 முதல், மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சூட்டில் சிதையும்போது உருவாகுபவை) 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது. வீட்டில் அதை அளக்க முடியாது. நுரை தங்குவது, நிறம் கறுப்பது, பிசுபிசுப்பு ஆகியவை தெரிந்தால் அந்த எண்ணெய் முடிந்தது.

செய்தித்தாளில் பஜ்ஜி, வடை மடிப்பதை 2018ஆம் ஆண்டு பொதிவு விதிமுறைகள் தடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதால், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் ஆகாது. வாழையிலை, பாக்குமட்டை, உணவுத் தரமான டப்பா ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

லேபிள்: ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொள்வோம்

2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளும், 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளும் சேர்ந்து கேட்பவற்றை 250 கிராம் எலுமிச்சை ஊறுகாயில் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் மொழி. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். போடவும் வேண்டும், வாங்குகிறவர் படிப்பது அதைத்தானே. ஆனால் தமிழில் மட்டும் அச்சடித்த அழகான லேபிள் சட்டப்படி குறையுள்ள லேபிள். ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் அடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

பொருளின் பெயர் என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். 'பாட்டி கைமணம்' என்பது பிராண்டாக இருக்கலாம். அதோடு 'எலுமிச்சை ஊறுகாய்' என்றும் இருக்க வேண்டும்.

சேர்மானப் பட்டியல் எடையின் இறங்கு வரிசையில்: எலுமிச்சை, உப்பு, நல்லெண்ணெய், மிளகாய்த் தூள், கடுகு, வெந்தயம், மஞ்சள் தூள், கூட்டுப் பெருங்காயம். செய்முறைப்படி எடைபோட்டு எழுதுங்கள், உத்தேசமாக வேண்டாம். சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்தி சேர்த்தால் அதன் வகையையும், உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண்ணான ஐஎன்எஸ் எண்ணையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது ஒவ்வாமை அறிவிப்பு. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஊறுகாயில் ஒவ்வாமைப் பொருள் எங்கே என்று தோன்றும். பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்; பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே உங்கள் லேபிளில் 'கோதுமை உள்ளது' என்று போட வேண்டும். சிட்டிகைதான் போட்டோம் என்பது விலக்கு ஆகாது. அறிவிக்க வேண்டியவை: பசையம் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட். இட்லிப் பொடியில் நிலக்கடலை, மைசூர்பாகில் பால், முறுக்கில் வெண்ணெய் என்று நம் பலகாரங்களில் இவை சர்வசாதாரணம்.

சைவ, அசைவக் குறி: சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். அசைவத்துக்கும் வட்டம் போடுவது பழைய முறை. முட்டை சேர்த்த கேக் அசைவக் கணக்கு. பாலும் தேனும் சைவத்தில் சேரும்.

சத்து விவரம் 100 கிராமுக்குத் தர வேண்டும்: கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பும் அதன் வகைகளும், சோடியம். இணையத்தில் வேறு யாருடைய பாட்டிலிலிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு செய்முறைக்கு ஒருமுறை சோதித்துவிட்டால் செய்முறை மாறும் வரை அதையே பயன்படுத்தலாம். அப்போதே எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற சோதனையையும் கேளுங்கள். காலாவதித் தேதியை ஊகத்தில் போடுவது உங்களுக்கும் ஆபத்து, சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து. உப்பையே முக்கியப் பதப்படுத்தியாகக் கொண்ட ஊறுகாயில் உப்பு 12 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது 1 கிலோ ஊறுகாயில் 120 கிராம். வினிகரில் என்றால் புளிப்பு 2 விழுக்காடு. 'உப்புக் குறைந்த ஊறுகாய்' என்று விற்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எது அதைக் கெடாமல் காக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மேலே பூசணம் பூத்து வரும் புகார்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பிறகு: எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் 14 இலக்க எண்ணும், செய்தவர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, பேட்ச் எண், செய்த தேதி, காலாவதித் தேதி, எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்ற குறிப்பு, புகாருக்குத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். வீட்டு முகவரியை அச்சிடத் தயங்கும் பெண்கள் உண்டு. தயக்கம் நியாயமானது, ஆனாலும் முகவரியைத் தவிர்க்க வழியில்லை. தொலைபேசிக்கு மட்டும் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை 'அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட' என்று எழுத வேண்டும். கூடவே அலகு விலை: 250 கிராம் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 48 காசு.

எழுதக் கூடாதவை

சத்துமாவு, முருங்கைப் பொடி, கறுப்புக் கவுனிக் கஞ்சி மாவு விற்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'சர்க்கரை நோய் குணமாகும்', 'தைராய்டுக்கு நல்லது' போன்ற வரிகள் லேபிளில் மட்டுமல்ல, இன்ஸ்டாகிராம் பதிவிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கூடாது. உணவு நோயைத் தீர்க்கும் என்று சொல்ல முடியாது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிள் குறைக்கு 52ஆம் பிரிவில் 3 லட்சம் வரை.

சத்துமாவில் '6 மாதக் குழந்தை முதல்' என்று போடுவது இன்னும் பெரிய சிக்கல். 2 வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்வதையே குழந்தைப் பால் மாற்று, குழந்தை உணவு ஆகியவை பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நல்லெண்ணத்தில் எழுதிய அந்த ஒரு வரி சாதாரண மாவை வேறு சட்டத்துக்குள் தள்ளிவிடும்.

'ஆர்கானிக்' என்று எழுத, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்பிஓபியின் சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் பிஜிஎஸ் சான்றோ வேண்டும். தெரிந்த விவசாயியிடம் வாங்கினோம் என்பது சான்று ஆகாது.

நிறமிகளிலும் கவனம். கார வகைகளில் செயற்கை நிறமி சேர்க்கக் கூடாது. இனிப்பில் அனுமதிக்கப்பட்டவற்றை மட்டும், கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. பர்கர், ஷவர்மா செய்பவர்கள் முட்டையில்லாத வகைக்கு மாறுவதே நல்லது.

தராசும் எடையளவுப் பதிவும்

பொட்டலம் போடத் தொடங்கிய 90 நாட்களுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும். விதிகளில் உள்ள கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவுப் பிரிவின் வேலை. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருந்தாலும் இது தனி.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு வணிகத்துக்கு உதவாது, அதற்கு முத்திரை போட மாட்டார்கள். முத்திரையிடத் தகுந்த மின்னணுத் தராசு வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வாங்குங்கள். நிரப்பும்போது பாட்டிலின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்; எண்ணெய் கசிந்து குறைந்தாலும் அது எடைக்குறைவுதான்.

ஜிஎஸ்டி, சிலிண்டர்

பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சமைத்த உணவுச் சேவைக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஆனால் இந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பாட்டிலுக்கே பதிவு வேண்டும். பெங்களூருக்குக் கூரியரில் ஊறுகாய் அனுப்புகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வணிகச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர். ஆய்வில் சிலிண்டர் பறிமுதல் ஆனால் அன்றைய ஆர்டர் எல்லாம் போச்சு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டாயமில்லை, ஆனால் இலவசம், வங்கிக் கடனுக்கு உதவும்.

விற்கத் தொடங்கிய பிறகு

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு வரி: பேட்ச் எண், செய்த தேதி, எத்தனை பாட்டில், மிளகாய்த் தூள், எண்ணெய் எந்த பில்லில் வாங்கியது, யார் யாருக்குப் போனது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டிலைக் காலாவதித் தேதி வரை எடுத்து வையுங்கள். யாராவது வயிறு சரியில்லை என்று சொன்னால், எல்லாவற்றையும் திரும்ப வாங்காமல் அந்தப் பேட்சை மட்டும் நிறுத்த முடியும். பிரச்சினை கடையில் வாங்கிய மிளகாய்த் தூளில் என்றால், எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உள்ள அந்த பில்தான் உங்களைக் காப்பாற்றும். சந்தையில் பில் இல்லாமல் மலிவாக வாங்கும் தூளுக்கு முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

ஆன்லைன் தளத்தில் விற்பவர்கள் இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்புங்கள். வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது மொத்த ஆயுளில் 30 விழுக்காடு அல்லது 45 நாள் மிச்சமிருக்க வேண்டும் என்று தளங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லியிருக்கிறது. அதற்குக் குறைந்த சரக்கு திரும்பி வரும்.

சான்றிதழில் கடைசித் தேதி அச்சிட்டிருந்தால், அதற்கு 30 நாட்களுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பதிவு உங்களுக்கு மட்டுமல்ல, அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான். வீடு மாறினால் புதிய முகவரிக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டு, ஸ்டிக்கரையும் மாற்றுங்கள். மீதமிருக்கும் பழைய ஸ்டிக்கர் கட்டைப் பார்த்து மனம் இரங்கி ஒட்டிவிடாதீர்கள். முதலிலேயே 500க்கு மேல் அச்சடிக்காமல் இருந்தால் அந்த நஷ்டமும் சிறிதாக இருக்கும்.